முயலுக்கு ஒரு அறை கொடுக்க முடியாதென்றால் முயல் வாங்காதீர்கள்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உம்மாமார், வாப்பாமார் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். பதிவு நீளம். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு "எனது செல்லப்பிராணி" என்று கட்டுரை கொடுத்திருந்தோம். ஒரு பிள்ளை முயலைப் பற்றி எழுதியிருந்தது. பெருநாள் சல்லியில் வாங்கிய முயலாம். பால்கனியில் கூட்டுக்குள் இருக்கிறதாம். நல்ல முயலாம், சத்தம் போடாதாம், குழப்படி இல்லையாம், எந்த நேரமும் ஒரே மூலையில்தான் இருக்குமாம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனாலும் சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தோம்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் ஒன்று இருக்கிறது. வகுப்பில் எந்த நேரமும் மூலையில் ஒடுங்கி, அசையாமல் இருக்கிற பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று விட்டுவிடாதே, முதலில் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார் என்பதுதான் அது. பிள்ளைக்குச் சொன்னது முயலுக்கும் பொருந்தும். ஓடவும் துள்ளவும் தோண்டவும் படைக்கப்பட்ட ஒன்று ஓடாமல் இருந்தால், அதற்கு இடமில்லை அல்லது சுகமில்லை என்றுதான் அர்த்தம்.

மற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. முதல் குற்றவாளி நாங்கள்தான். எங்கள் வீட்டிலும் முயல் பால்கனியில்தான் இருந்தது. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற வீடுகளைத் தெரியும்தானே, மேற்குப் பக்கத்துப் பால்கனிக்குப் பகல் சாய்ந்தால் முழு வெயிலும் வரும். ஒரு ஏப்ரல் மாதம், அஸர் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் முயல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மஹ்ரிபுக்கு முன்னமே செத்துவிட்டது. கூட்டில் தண்ணீர் இருந்தது, தீனியும் இருந்தது. நிழலுக்குப் போக வழிதான் இருக்கவில்லை. "உம்மா, அதுக்கு உள்ள வர ஏலாமத்தானே செத்துப்போச்சு?" என்று மகள் கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தோம். வாங்க முன்னமே படித்திருக்க வேண்டும்.

முயலுக்கு வியர்த்துச் சூட்டை இறக்க முடியாது. பெரும்பாலும் காதுகளால்தான் உடம்புச் சூட்டை வெளியே விடும். கொழும்பில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலில் 30 பாகையைத் தாண்டுகிறது. அந்தச் சூடு முயலுக்கு ஆபத்து. அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்க்க நாள் முழுக்கப் புல் மெல்ல வேண்டும். கரட் படத்தில்தான் முயலின் சாப்பாடு, உண்மையில் அதில் சீனி அதிகம். கம்பி வலைத் தளத்திலேயே வைத்தால் பின்னங்கால் அடியில் புண் வரும். நன்றாகக் கவனித்தால் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழும். அதாவது முதலாம் ஆண்டில் வாங்கிக் கொடுத்தால், பிள்ளை சாதாரண தரம் எழுதும்போதும் அது உங்கள் வீட்டில் இருக்கும். பிரித்தானியாவின் முயல் நலச் சங்கம் ஒரு சோடி முயலுக்குக் குறைந்தது 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் வேண்டும் என்கிறது. அடிக் கணக்கில் பத்துக்கு ஆறரை. நாம் கொடுப்பது இரண்டடிக் கூடு.

இதைச் சொன்னால் வருகிற பதில்களும் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அறையில் விட்டால் வீடெல்லாம் நஜீஸ்." இது நியாயமான கவலை. நாம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள், அதன் சிறுநீரும் புழுக்கையும் எங்களுக்கு நஜீஸ்தான். அதற்காகத்தான் ஒரு அறை என்கிறோம், முழு வீட்டையும் சொல்லவில்லை. தொழுகிற இடத்தை வேறாக்குங்கள், அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். முயல் இயல்பாகவே ஒரு மூலையைத் தெரிந்தெடுத்து அங்கேயே போகும். அந்த மூலையில் ஒரு பேசினில் பழைய பத்திரிகைத் தாளைப் போட்டு, ஒரு ஓரத்தில் புல்லை வையுங்கள். தின்றுகொண்டே அதற்குள் போகும். இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலும் பழகிவிடும்.

"வயரைக் கடிக்கும்." கடிக்கும்தான். வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் போடுங்கள், அல்லது உயரத்தில் கட்டுங்கள். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் செய்யமாட்டோமா?

"கூடுதான் பாதுகாப்பு, பூனை வரும், காகம் வரும்." பால்கனிக் கூட்டுக்குத்தான் பூனையும் காகமும் வரும். கதவு சாத்திய அறைக்குள் எப்படி வரும்?

"அறுத்துச் சாப்பிட ஹலாலான பிராணிக்கு இவ்வளவு தேவையா?" முயல் ஹலால்தான், மறுக்கவில்லை. ஆனால் அறுக்கப்போகிற பிராணிக்கே கத்தியைத் தீட்டிக்கொள், அதை வேதனைப்படுத்தாதே என்று கட்டளையிட்ட மார்க்கம் இது. சில நிமிடத்துக்கே அவ்வளவு ஒழுங்கு என்றால் பத்து வருடத்துக்கு ஒன்றுமில்லையா?

"உலகத்தில் எத்தனை பிரச்சினை, முயலா பெரிது?" ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் அழுத ஒட்டகத்துக்காக நின்றார்கள். உரிமையாளர் யார் என்று விசாரித்தார்கள். பட்டினி போட்டு வேலை வாங்கியதற்காக அவரைக் கண்டித்தார்கள். அவர்களுக்கு இருந்ததைவிட நமக்கு வேலை அதிகமா?

கூட்டில் வைப்பது ஹராம் என்று ஃபத்வா கொடுக்க நாங்கள் யார்? சிறுவர் அபூ உமைரின் குருவி பற்றிய ஹதீஸை வைத்துப் பிராணி வளர்க்கலாம் என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸும் நமக்குத் தெரியும். அவள் தீனியும் போடவில்லை, தானாகத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. "நாங்கள் தீனி போடுகிறோமே" என்று முதல் பாதியில் தப்பிவிடுகிறோம். இரண்டாவது பாதியையும் கொஞ்சம் யோசிப்போம்.

சட்டத்தையும் நம்ப முடியாது. இந்த நாட்டின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டு வந்தது. அதில் எழுதிய அபராதம் நூறு ரூபாய். அந்தச் சல்லிக்கு இன்று ஒரு பகல் சாப்பாடு கிடைக்காது. ஆகவே பால்கனிக் கூட்டைப் பார்க்க ஒரு அதிகாரியும் வரப்போவதில்லை. பார்க்கிறவன் அல்லாஹ் ஒருவன்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எங்களை அதிகம் உறுத்துவது. 2020ல் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை அனுமதி கொடுத்தபோது நாம் எல்லோரும் என்ன எழுதினோம்? இஸ்லாம் மிருகங்களுக்குக் கருணை காட்டச் சொல்கிற மார்க்கம் என்று எழுதினோம். அது உண்மை. அந்த உண்மையைப் பக்கத்து வீட்டுச் சிங்கள, தமிழ் அயலவர்கள் நமது பதிவில் வாசிப்பதில்லை, நமது பால்கனியில்தான் பார்க்கிறார்கள். வாதாடும்போது மட்டும் வெளியே எடுக்கிற கருணையை யார் நம்புவார்கள்?

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது வேறு முயல். அயலில் ஒருவர் வளர்க்க முடியாமல் கொடுத்தது. சின்ன அறை, பத்துக்கு எட்டு. வழுக்குகிற டைல்ஸில் சாயம் போடாத பன்பாய் விரித்திருக்கிறோம். ஒளிந்துகொள்ள ஒரு கார்ட்போர்ட் பெட்டி. வெயில் நாளில் ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி வைப்போம். புல்லை வாகனம் ஓடுகிற வீதியோரத்தில் பிடுங்குவதில்லை. சுபஹுக்கு எழும்பினால் அதுவும் எழும்பி ஓடிக்கொண்டிருக்கும். மஹ்ரிபுக்குப் பிறகு இன்னொரு ஓட்டம். விடியலும் அந்தியும்தான் அதன் நேரம். அது அந்தரத்தில் துள்ளி உடம்பைத் திருப்புவதை முதல்நாள் பார்த்தபோது, கூட்டில் செத்ததை நினைத்து அழுதோம்.

அறை இல்லையா? கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறீர்களா? அது குற்றமில்லை. ஆனால் முயல் வாங்க வேண்டாம். பிள்ளை அழும், இரண்டு நாளில் மறந்துவிடும். ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? காலையும் மாலையும் கதவைச் சாத்திவிட்டுச் சில மணித்தியாலமாவது வெளியே விடுங்கள். கூட்டைப் பால்கனியிலிருந்து இன்றைக்கே உள்ளே எடுங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடாதீர்கள், ஒரு மாதத்தில் குட்டி. சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

அந்தக் கட்டுரைக்கு முழுப் புள்ளியும் கொடுத்தோம். கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதினோம்: "உங்கள் முயல் ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வந்து, "டீச்சர், உம்மா அறைக்குள்ள விடச் சொன்னா. அது கட்டிலுக்குக் கீழ போய் ஒளிஞ்சிட்டு, பொறகு ஓடிச்சி" என்றது. இப்படி உடனே விளங்கிக்கொள்கிற உம்மாமாருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

பெருநாளுக்கு முன் இதை உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிள்ளை கையில் முயலைக் கொடுக்க முன், அதற்கு எந்த அறையைக் கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.