டிரெஸ்டன் பாலச் சரிவு: கண்ணுக்குத் தெரியாத அரிப்பு

ஜெர்மனியின் கிழக்கே டிரெஸ்டன் நகரில், எல்ப நதியின் குறுக்கே அமைந்திருந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி, 2024 செப்டம்பர் 11ஆம் தேதி அதிகாலை மூன்று மணியளவில் சரிந்து விழுந்தது. கடைசி டிராம் வண்டி அதற்குச் சில நிமிடங்கள் முன்னர்தான் அதனைக் கடந்திருந்தது. எவரும் காயமடையவில்லை.

முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் 1971இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததல்ல. அருகருகே அமைந்த அதன் மூன்று தடங்களில் இரண்டு ஏற்கனவே பழுதுபார்க்கப்பட்டிருந்தன. விழுந்தது, 2025இல் பழுதுபார்க்கத் திட்டமிடப்பட்டிருந்த மூன்றாவது தடம்.

பனிக்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பின் மீதே முதலில் சந்தேகம் எழுந்தது. ஆனால் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ் தலைமையிலான ஆய்வு வேறொரு முடிவுக்கு வந்தது.

சாதாரணத் துரு எஃகை மெல்ல மெல்லத் தின்கிறது. தின்னும்போதே பருத்து, மேலுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்து, பழுப்புக் கறையாக வெளியே தெரிகிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கடற்காற்று அரித்தபோது, அது கண்ணுக்குத் தெரிந்தது. சுரண்டிச் சாயம் பூச முடிந்தது.

கரோலா பாலத்தைத் தாங்கி நின்றவையோ, கான்கிரீட்டுக்குள் குழாய்களில் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட உயர்வலு எஃகுக் கம்பிகள். கட்டுமானத்தின்போது அவற்றில் பட்ட ஈரத்தால் அரிப்பு தொடங்கியது. அதில் உண்டான ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, வளையும் தன்மையை அழித்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கியது. அரை நூற்றாண்டுப் போக்குவரத்து அவ்வெடிப்புகளை வளர்த்தது. கம்பியின் பருமன் ஏறத்தாழக் குறையவேயில்லை; வலு மட்டும் போய்விட்டது. வழக்கமான பரிசோதனைகளால் இச்சரிவை முன்னறிந்திருக்க முடியாது என்பது ஆய்வின் முடிவு. அதுவே கவலைக்குரியது.

இதனைக் கிழக்கு ஜெர்மனியின் குறைபாடு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மேற்கு பெர்லினில் 1980 மே மாதம் காங்கிரஸ் மண்டபத்தின் கூரை இடிந்து ஒருவர் உயிரிழந்ததற்கும் இத்தகைய கம்பிகளின் அரிப்பே காரணமானது.

டிரெஸ்டனுக்கு அருகே பாட் ஷாண்டாவ் நகரின் எல்ப பாலம், இதே அச்சத்தால் 2024 நவம்பரில் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் எடைக் கட்டுப்பாட்டுடன் அது திறக்கப்பட்டபோது, கம்பி அறும் ஓசையைப் பதிவு செய்யும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. இனி அறும் கம்பியின் ஓசையை அவை பதிவு செய்யும். முன்பே அறுந்தவை எத்தனை என்பதை அவற்றால் சொல்ல இயலாது.