சளி டப்பா எத்தனை கிலோமீட்டர் போகணும்?

டி.பி.யைக் கண்டுபிடிக்க ஜீன்எக்ஸ்பர்ட் நல்லதா, ட்ரூநாட் நல்லதா? மருத்துவம் படித்த நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. ஒருவர் சதவீதத்தை எடுத்துப் போடுவார், இன்னொருவர் 'நம்ம நாட்டுத் தயாரிப்பு' என்பார். நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர்ல? ஊர் பெயரைச் சொல்லாமல் இந்த இரண்டையும் ஒப்பிடுவது வெட்டிப்பேச்சு.

டி.பி. என்றதும் இலக்கிய வாசகர்களுக்குப் புதுமைப்பித்தன் நினைவுக்கு வருவார். 1948இல் போனார். அந்தச் சாவை நாம் ஏதோ பழைய காலத்துச் சோகம் போலப் பேசுகிறோம். இன்றைக்கும் உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர்.

முதலில் கருவிகளைப் பார்த்துவிடுவோம். ராபர்ட் கோக் 1882இல் இந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் நமக்கு இருந்த முக்கியமான வழி, சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான். ஒரு மில்லி சளியில் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் அதில் தெரியும். அதாவது நோய் முற்றினால்தான் கண்ணில் படும். மூலக்கூறுப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, அதன் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. துளியூண்டு கிடைத்தாலும் அதைப் பல கோடி மடங்கு நகலெடுத்து 'இதோ இருக்கு' என்று காட்டிவிடும். கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழக்கமான பி.சி.ஆர். இதுதான்.

ஜீன்எக்ஸ்பர்ட் அமெரிக்காவின் செஃபைட் நிறுவனத்துடையது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் இதைப் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்பார்கள். சளியை மருந்தில் கரைத்து கேட்ரிட்ஜில் ஊற்றி மூடிவிட்டால் மிச்சத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே கேட்ரிட்ஜ் சொல்லிவிடும். ஆனால் அதற்கு நிற்காத மின்சாரம் வேண்டும், அறையின் சூடு 15 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

ட்ரூநாட் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகம் உருவாக்கி, கோவாவின் மோல்பியோ தயாரிப்பது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. பேட்டரியில் ஓடும், சின்ன மேஜை போதும். ஆனால் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க ஒரு பெட்டி, சிப்பைப் படிக்க இன்னொரு பெட்டி. நடுவில் ஒரு மனிதர் பிப்பெட்டால் சொட்டு எடுத்து சிப்பில் வைக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. ரிஃபாம்பிசினுக்குத் தனி சிப், இன்னொரு மணி நேரம்.

இப்போது சதவீதம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையின்படி, எக்ஸ்பர்ட்டின் புதிய வடிவமான அல்ட்ரா நூறு காசநோயாளிகளில் ஏறக்குறைய 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. அதே வருஷம் வெளியான இன்னொரு ஆய்வு இந்தியா, எத்தியோப்பியா, பெரு, பப்புவா நியூ கினியா நாடுகளின் சாதாரண மைக்ராஸ்கோப் மையங்களிலேயே ட்ரூநாட்டை வைத்துப் பார்த்தது. ட்ரூநாட் பிளஸ் 80 பேரைக் கண்டுபிடித்தது, சாதா ட்ரூநாட் 73 பேரை. பெரிய ஆய்வகத்தில் பழைய எக்ஸ்பர்ட்டோடு நேருக்கு நேர் வைத்தபோது இரண்டும் ஏறக்குறைய சமம் என்று வந்தது.

"பாத்தியா, 90 எங்க, 80 எங்க?" என்பார் நம் நண்பர். அங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன். எதில் 90? இயந்திரத்துக்குள் போன சளியில் 90. போகாத சளிக்கு எந்த இயந்திரமும் பொறுப்பில்லை.

பெருமாள்மலை முக்கில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் ரோடும் பழனி ரோடும் சேரும் இடம். மேலே கொடைக்கானல் பன்னிரண்டு கிலோமீட்டர். கீழே திண்டுக்கல் போக மலையிறங்கி அரை நாள். அடுக்கம், பேத்துப்பாறை, வடகவுஞ்சிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு பயணம். வெள்ளகவியில் தலைமுறை தலைமுறையாக நடைதான், முடியாதவரை டோலியில் தூக்கி வந்தார்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அக்கா ஒருவர், ரெண்டு மாச இருமல், என்னிடம் சொன்னார்: "டப்பாவக் குடுத்துட்டு வந்துட்டேன் தம்பி. ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னாங்க. அந்த நாள் கூலிய யாரு குடுப்பா?" அவர் திரும்பப் போகவில்லை. பரிசோதனை சரியாகத்தான் நடந்திருக்கும். முடிவு ஏதோ ஒரு நோட்டில் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். மலையில் 100 காசநோயாளிகள். அல்ட்ரா கீழே இருக்கிறது, அறுபது பேரின் சளிதான் போய்ச் சேருகிறது, அதில் 90 சதவீதம் என்றால் 54 பேர். ட்ரூநாட் பிளஸ் இங்கேயே இருக்கிறது, 90 பேர் வருகிறார்கள், அதில் 80 சதவீதம் என்றால் 72 பேர். அறுபதையும் தொண்ணூறையும் நான்தான் வைத்தேன், உங்களுக்குப் பிடித்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணை வைக்காமல் ஒப்பிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிவை வாங்க வராதவர்களை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

"அப்ப மலைக்காரனுக்கு மட்டம் போதுமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கோபம். இயந்திரம் 'இல்லை' என்று சொல்லி, நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருமினால் அது கொடுமை. அதனால்தான் ட்ரூநாட்டின் 'இல்லை'யை முடிவாக எடுக்கக்கூடாது என்கிறேன். எக்ஸ்ரே எடுக்கணும், சந்தேகம் இருந்தால் இரண்டாவது சளி எடுக்கணும், அதையும் கீழே அல்ட்ராவுக்கு அனுப்பணும். சளி துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு மலத்தில் எக்ஸ்பர்ட் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த இடத்தில் எக்ஸ்பர்ட்டுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் மலையில் ட்ரூநாட்டோடு போட்டி போடுவது அல்ட்ரா இல்லை. பழைய மைக்ராஸ்கோப்பும், 'இருமல் மருந்து குடிங்க, சரியாயிரும்' என்பதும்தான்.

தேசபக்த நண்பருக்கும் ஒரு வார்த்தை. கோவாவில் செய்ததாலேயே ஒரு சிப் மலையேறிவிடாது. சிப் தீர்ந்துபோய், பயிற்சி பெற்றவர் மாற்றலில் போய்விட்டால் அது மேஜை மேல் தூசி படியும் இந்தியத் தயாரிப்பு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, சுற்றுலா வருகிறவர்கள். "இந்தக் காத்துக்கு டி.பி.யா?" என்று சிரிப்பார்கள். மலைக்காற்றுதான் மருந்து என்ற நம்பிக்கையைச் சென்னையே உடைத்துவிட்டது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959இல் காட்டியது. காற்று குணப்படுத்தவில்லை, மருந்துதான். இங்கேயோ குளிருக்குக் கதவைச் சாத்தி, விறகுப் புகையில், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். வெளியே காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது.

இயந்திரத்தை மூலைமுடுக்குக்குக் கொண்டுபோக முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். 2020 ஏப்ரலில் ஐ.சி.எம்.ஆர். ட்ரூநாட்டைக் கொரோனாவுக்கு அனுமதித்தது. நகரம் பயந்ததும் இயந்திரமும் ஆளும் வண்டியும் எப்படியோ கிடைத்தன. அந்த வருஷம் நாட்டில் பதிவான காசநோயாளிகள் 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாகக் குறைந்தார்கள். நோய் குறையவில்லை, பார்ப்பது குறைந்தது.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் உறுதியானவரின் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். கருவி என்று பார்த்தால் எடை மெஷினும் விரலில் மாட்டும் கிளிப்பும்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்பதற்கே முதலில் டி.பி. என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போன நாளிலும் மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி டப்பாவை வாங்க ஒரு ஆள் இருக்கணும். அவர் லீவு போட்டால் இன்னொரு ஆள் வேணும். டப்பாவைக் கொடுத்தவர் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியாது, சந்தையை முடித்துவிட்டு வருவதற்குள் முடிவு கையில் இருக்கணும். அதைச் செய்து காட்டும் பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.