கேளாமல் எழுதிய தீர்ப்பு

2024ஆம் வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பத்து அல்பங்களின் பட்டியலை எழுதியிருந்தேன். பாதி மெட்டல் இசை. மற்றப் பாதி எந்த வகைக்குள்ளும் அடங்காதவை. கண்டி வட்டாரத்தில் நெடுங்காலமாக எழுதிவரும் ஒருவர் அதற்கு நீண்டதொரு மறுப்பு எழுதியிருக்கிறார். மெட்டல் என்பது வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, பேய் வழிபாடு, வெறும் இரைச்சல், மலையகத் தமிழனுக்கு அதில் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதையும் தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு பாடகியையும் ஒரே பட்டியலில் வைப்பவனுக்கு ரசனையே கிடையாது. இவைதாம் அவர் சொல்பவை. இவ்வளவு எழுதியவர் பட்டியலில் உள்ள ஒரு பாட்டைப் பற்றிக்கூட ஒரு வரி எழுதவில்லை. எந்த இடத்தில் கிட்டார் பிழைத்தது, எந்தக் குரல் கெட்டது என்று எதுவுமே இல்லை. கேட்டிருந்தால் ஒன்றாவது வந்திருக்கும்.

வசதியானவர்களின் விளையாட்டு என்ற பொய்யை முதலில் எடுக்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுவே கொடியது.

மெட்டல் பிறந்தது இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரமான பேர்மிங்ஹாமில். டோனி அயோமி அங்கே தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பதினேழு வயதுப் பையன். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவர் இடக்கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்தவேண்டிய கையே அந்த வலக்கைதான். இனிக் கிட்டார் இல்லை என்று மனமுடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலையில் அவருக்கு மேலே இருந்த ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஐரோப்பிய ஜாஸின் தலைசிறந்த கிட்டார் கலைஞராக வாழ்ந்தவர் ரைன்ஹார்ட். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். சில வருடங்களில் சுருதியையும் இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். மெட்டலின் கனத்த ஒலிக்கு அந்தக் காயம்பட்ட கைதான் வழி திறந்தது. அவருடைய பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் இறைச்சிக் கொட்டிலில் வேலை பார்த்தவர். 1970 பெப்ரவரி 13 அன்று வெளிவந்த அவர்களின் முதல் அல்பம் ஒரே நாளில் பதிவானது. அதிக நாட்களுக்குப் பணம் கட்ட அந்தப் பையன்களுக்கு வழியில்லை.

இனி நம் பக்கம் பாருங்கள். கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பிரித்தானியாவிலிருந்து வந்த உருளைகளையும் உலர்த்திகளையும் அங்கே பார்க்கலாம். அத்தகைய இயந்திரங்களோடு வேலை செய்த கைகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட காலம்தொட்டு இந்த மலைகளில் உழைத்து, 1948இன் சட்டத்தால் குடியுரிமையும் இழந்த மக்களின் பிள்ளைகளைப் பார்த்து, ஆலைத் தொழிலாளி உருவாக்கிய இசை உனக்கு அந்நியம் என்கிறார் அவர். அந்த இசையில் எங்களுக்கு இல்லாத உரிமை வேறு எவருக்கு இருக்கிறது?

பேய் வழிபாடு என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பிளாக் சபாத்தின் பாடல்களைப் பெரும்பாலும் எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1971இல் அவர்கள் வெளியிட்ட ‘மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி’யில் கடவுள் நம்பிக்கைக்காக வாதாடும் பாட்டே இருக்கிறது. அவர்களின் புகழ்பெற்ற ‘வோர் பிக்ஸ்’, ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக இருக்கும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் சாடுவது. கால் நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட போரைக் கண்ட நாட்டில் இருந்துகொண்டு அந்தப் பாட்டில் சாத்தானை மட்டும் பார்ப்பவர், பாட்டைக் கேட்கவில்லை, அட்டைப்படத்தைப் பார்த்திருக்கிறார். சாத்தானைப் பாடும் குழுக்களும் உண்டுதான். காதலின் பெயரால் பெண்ணை இழிவுபடுத்தும் சினிமாப் பாட்டுகளும் ஏராளம். அவற்றுக்காகச் சினிமா இசை முழுவதையும் அவர் தள்ளிவைக்கவில்லையே.

இரைச்சல் என்ற குற்றச்சாட்டுத்தான் என்னை உண்மையில் கோபப்படுத்தியது. காமன் கூத்துக் காலத்தில் தோட்டத்துத் தப்பு இரவு முழுக்க முழங்கும். அந்தத் தப்பைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்கள். அடிப்பவனின் சாதியைக் கேட்டுவிட்டு அது இசையே இல்லை என்று ஒதுக்கினார்கள். எசல பெரஹராவில் கெட்ட பெர மேளங்கள் முழங்கக் கண்டி வீதியே அதிர்வதை எவரும் இரைச்சல் என்பதில்லை. சொல்லவும் கூடாது, அது பெருங்கலை. ஆகவே ஒலி பெரிதாக இருப்பது இவர்களுக்குக் குறை அல்ல. யார் எழுப்புகிறார்கள் என்பதுதான் குறை.

தாளம் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுவீடனின் மெஷுகா குழுவைக் கேளுங்கள். டிரம்மரின் ஒரு கை நான்கின் கணக்கைப் பிடித்திருக்கும். கால்களும் கிட்டாரும் ஒற்றைப்படைக் கணக்கில் விலகி ஓடி, சுற்றுகள் கடந்து சரியான இடத்தில் வந்து விழும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கணக்கு முடித்துச் சமத்துக்கு வரும்போது தலையாட்டுபவர் எவரும் இதை இரைச்சல் என்று சொல்ல முடியாது.

அடுத்து, கலந்து ரசிப்பது ரசனையின்மை என்பது. இதை வேறெங்கும் சொல்லலாம், பேராதனைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லக்கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரச்சந்திர 1956இல் ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை உருவாக்கியபோது எடுத்துக்கொண்ட நாடகம வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுள்ளது. ஜப்பானிய நாடகத்தின் பாதிப்பும் அதில் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ எல்லாம் அப்படி வந்தவை. படிக்காதவர்களின் கூத்து என்று ஒதுக்கப்பட்டிருந்ததைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடினார்கள். அன்று அவ்விருவரும் இந்தக் கட்டுரையாளரின் அளவுகோலைக் கையில் எடுத்திருந்தால் இன்று நமக்கு அந்த அரங்கே இருந்திராது. கர்நாடக இசையின் வயலினும் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

என் பட்டியலுக்கு வருகிறேன். பிளட் இன்கன்டேஷன் குழுவின் ‘அப்சொலூட் எல்ஸ்வேர்’ இரண்டே பாட்டுகள் கொண்டது. ஒவ்வொன்றும் இருபது நிமிடங்களுக்கு மேல். டெத் மெட்டலின் வெறித்த வேகத்திலிருந்து எழுபதுகளின் ஜெர்மன் சிந்தசைசர் இசைக்குள் அது இறங்கும் இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேன்ஜரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங்கே அதில் வாசிக்கிறார். ஒபெத் குழுவின் ‘த லாஸ்ட் வில் அன்ட் டெஸ்டமென்ட்’, முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஒரு குடும்பத்தில் தந்தையின் உயிலை வாசிக்கும் கதை. 2008க்குப் பிறகு அக்குழுவின் பாடகர் மிக்கேல் ஒக்கர்ஃபெல்ட் உறுமும் குரலுக்குத் திரும்பியது இதில்தான். அந்தக் குரல் செத்தவனின் அதிகாரத்தைச் சொல்லும் குரலாக நிற்கிறது, வெறும் கத்தலாக எங்குமே இல்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ வந்தபோது பாடகர் ரொப் ஹல்ஃபோர்டுக்கு வயது 72. பார்க்கின்சன் நோயோடு போராடும் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டனும் அதில் பங்கெடுத்திருக்கிறார்.

இவற்றோடு கணவ்யாவின் ‘டோட்டர் ஒஃப் எ டெம்பிள்’ இருந்ததுதான் கட்டுரையாளருக்குப் பொறுக்கவில்லை. நியூயோர்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கணவ்யா, அலிஸ் கோல்ட்ரேனை வணங்கி எடுத்த அல்பம் அது. கறுப்பின அமெரிக்க ஆன்மிக ஜாஸும் நம் பஜனைக் கூடமும் அதில் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. கலக்கக்கூடாது என்று தடுக்கப் புறப்பட்டவர், தாம் காக்க நினைத்த பாடகியே கலந்துதான் பாடுகிறார் என்பதை அறியவில்லை. போர்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸ் பத்து வருடங்களாகச் செதுக்கிய ‘லைவ்ஸ் அவுட்குரோன்’, முதுமையையும் பிரிந்தவர்களையும் பற்றியது. ஒபெத்தின் உயில் கேட்ட காதால் இதையும் கேட்டேன். இரண்டும் சாவைத்தான் பேசுகின்றன. இதில் முரண் எங்கே?

ஒரு கேள்வி மட்டும் அவர் கேட்டதில் பதிலுக்கு உரியது. பத்தில் ஒன்றாவது ஏன் நம் ஊர்த் தமிழ் அல்பம் இல்லை? உண்மை, இல்லை. ஆனால் ஆற்றல் இல்லாமல் அல்ல. இதே கண்டியில் 2001இல் தொடங்கிய பரனோய்ட் எர்த்லிங் குழு, மிர்ஷாத் பக்மன் பாட, இந்த மலைநகரத்திலிருந்தும் ரொக் இசை எழும் என்று காட்டியது. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா, கதிர் என்ற தமிழரின் குரலில் உபநிடதச் சிந்தனையை டெத் மெட்டலாக்கி உலகெங்கும் ரசிகர்களைச் சேர்த்தது. நம் பிள்ளைகளுக்கு நடந்தது வேறு. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஒரு கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டாத பொருளாயின. ஒத்திகைக்கு மண்டபம் கேட்டால் கொடுப்பதில்லை. தப்பித் தவறி மேடை கிடைத்தால், இவரைப் போன்றவர்கள் இது நம் கலாசாரம் இல்லை என்று எழுதுகிறார்கள். வாய்ப்பை அடைத்துவிட்டு விளைச்சல் எங்கே என்று கேட்பது நேர்மையற்ற செயல்.

அவர் கட்டுரை இளையவர்கள் கைக்கும் போகும் என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். கம்பளையிலும் ஹட்டனிலும் பேராதனையிலும் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகளே, அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் உள்ள தொலைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றி, உங்கள் தமிழில் பாடுங்கள். தப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பிவையுங்கள், முழுதாகக் கேட்டபிறகே எழுதுவேன்.