வரவு வந்தது, கணக்கு வந்ததா?

இற்றை நாளில் கொத்தமல்லிக் கட்டு விற்கும் பாட்டியின் கூடையருகேயும் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டை நிற்கிறது. கைப்பேசியைக் காட்டினால் காசு போகிறது. 'பத்து ரூபாய் பெறப்பட்டது' எனப் பெட்டி கூவுகிறது. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு தூரம் நடந்து வந்தது விந்தை எனக் கூறின் மிகையாகாது. ஆனால் நண்பர்களே, பணம் வந்து சேர்ந்தவுடன் கணக்கும் வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோமே, அது சரிதானா? இல்லை என்பதே என் கட்சி.

இதைப் பேச உனக்கென்ன தகுதி எனக் கேட்பீர்கள். நான் கணிதம் இரண்டாமாண்டு படிப்பவன். என் தந்தையார் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறேன். ஒரு பக்கம் கணிப்பொறியில் அன்றைய பில்கள். மறுபக்கம் அண்ணாச்சியின் கைப்பேசியில் வந்து விழுந்த தொகைகள். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி டிக் அடிப்பது என் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒரே மாலையில் 120 ரூபாய் என ஏழு வரவுகள் வந்து, 120 ரூபாய்க்கு எட்டுப் பில்கள் கிடந்தால் அப்போது தெரியும்.

சென்ற புரட்டாசியில் ஓரிரவு கல்லாவில் 1,860 ரூபாய் குறைந்தது. கல்லாவில் இருப்பவர் ஓர் அக்கா; ஒன்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். அண்ணாச்சி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் கல்லாச் சாவியைத் தாமே வைத்துக்கொண்டார். அதைவிடச் சொல் வேறு வேண்டுமா? அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது தம் பையைத் திறந்து என் முன் நீட்டி, "நீயே பார்த்துக்கோ தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான்காம் இரவு உண்மை வெளிப்பட்டது. இரவு ஏழேகால் மணிக்கு ஒருவர் கைப்பேசியில்தான் பணம் செலுத்தியிருக்கிறார். கூட்ட நெரிசலில் பில்லில் 'ரொக்கம்' என்று பதிவாகிவிட்டது. அப்படியானால் கைப்பேசி வரவில் 1,860 கூடுதலாக நின்றிருக்க வேண்டுமே? நின்றது. அண்ணாச்சிக்கு வரும் வீட்டு வாடகையும், மைத்துனர் அனுப்பும் சீட்டுப் பணமும் அதே கணக்கில்தான் விழும். எந்தப் பில்லிலும் சேராத தொகையை 'வீட்டு வகை' என ஒதுக்குவது எங்கள் வழக்கம். ஒதுக்கியவன் நானே. அக்காவின் மீது விழுந்த பழியில் பாதி என் பேனாவிலிருந்து வந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றியே எண்ணி வருகிறேன். கடையில் ஒட்டியுள்ள அட்டையில் கடையின் பெயரும் யு.பி.ஐ. முகவரியும் மட்டுமே உள்ளன. எந்தப் பில், எவ்வளவு தொகை என்பது அதற்குத் தெரியாது. பில் போடும்போதே தொகையையும் பில் எண்ணையும் பொதிந்த புதிய கட்டம் ஒன்று திரையில் தோன்றுமாறு செய்ய முடியும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துச் செலுத்தியதும், இன்ன பில்லுக்கு இவ்வளவு வந்தது எனப் பணம் வாங்கித்தரும் நிறுவனத்தின் கணிப்பொறி கடையின் மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும். பேரேட்டில் தானே பதிவாகும். நம் ஊர்க் கடைகளில் பெரிதும் புழங்கும் டாலி மென்பொருளும் வெளியிலிருந்து வரும் பதிவுகளை ஏற்கவல்லதே. ஒரே செய்தி இருமுறை வந்துவிடுவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு செலுத்தலுக்கும் உரிய பன்னிரண்டு இலக்க எண்ணைப் பார்த்து, முன்பே பதிந்ததை விலக்க வேண்டும். சரக்கைத் திருப்பித் தந்து பணம் திரும்பினால், அதுவும் பழைய பில்லைத் தேடிச் சென்று சேர வேண்டும்.

கடன் அட்டையில் சிக்கல் இன்னும் கூடுதல். 10,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றோம், கட்டணம் நூற்றுக்கு இரண்டு என வைத்துக்கொள்வோம். கட்டணம் 200, அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதாவது 36. வங்கிக்கு வருவது 9,764. அதுவும் தனித்து வராது. பல விற்பனைகளோடு கலந்து ஒரே வரியாக வரும். அவசரக்காரர் 9,764-ஐயே விற்பனை என எழுதுவார். தவறு! விற்பனை 10,000, செலவு 200, மீதி 36 உள்ளீட்டு வரி. வழக்கமான முறையில் வரி கட்டும் கடை அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு நிற்கும் இந்த முறையை 1494-இல் வெனிசில் அச்சான நூலில் லூக்கா பாசியோலி விளக்கினார். அது ஒரு கணித நூல். என்னைக் 'கணக்குப்பிள்ளை' எனக் கேலி செய்யும் வகுப்புத் தோழர்கள் இதைக் கவனிப்பார்களாக!

"சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு?" என்பார் உளர். அவர்கள் கருநாடகத்தை நோக்கட்டும். 2025 ஜூலையில் அம்மாநில வணிகவரித் துறை, கடைக்காரர்களின் யு.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து, சரக்குக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்னும் ஆண்டு வரம்பைக் கடந்ததாகத் தோன்றிய சிறு வணிகர்களுக்கு நோட்டீசு அனுப்பியது. வரியே இல்லாத காய்கறி விற்றவர்க்கும் அது போயிற்று. அஞ்சிப்போன பெங்களூர்க் கடைக்காரர் பலர் 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' எனத் தாள் எழுதி ஒட்டினர். பின்னர் அரசு இறங்கி வந்து, பதிவு செய்துகொள்வோரிடம் பழைய பாக்கியைக் கேட்பதில்லை என்றது. ஆனால் அந்தக் கூட்டுத்தொகையில் எது பால் விற்ற காசு, எது மைத்துனர் தந்த கைமாற்று என்று பிரித்துக் காட்ட எத்தனை பேரிடம் பில் இருந்திருக்கும்? வங்கிக்குத் தொகை மட்டுமே தெரியும். காரணத்தைச் சொல்ல வேண்டியது கடைக்காரரின் ஏடு. ஏடு ஊமையானால், வாடகையும் விற்பனை ஆகிவிடும்.

ஆயினும் இன்றைக்குக் கிடைக்கும் ஏற்பாடுகள் எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. பலவற்றின் திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று வழங்கிய நாட்டில் அக்கா 'செட்டில்மென்ட்' என்னும் சொல்லைப் பார்த்துத் தயங்குகிறார். மாதச் சந்தா வேறு. கட்டவில்லை எனில் பழைய கணக்கையே பார்க்க முடியாதபடி பூட்டிவிடுவது எவ்வகை நியாயம்? கடையின் ஏடு கடைக்காரரிடமே இருக்க வேண்டும். பணம் வாங்கித்தரும் நிறுவனம் செய்தி சொல்லும் தூதனாக இருந்தால் போதும். கைப்பேசி இணைப்பு அறுந்த நேரத்தில் கையால் எழுதவும் வழி விட வேண்டும். எங்கள் தெருவில் மழை பெய்தால் முதலில் போவது இணைப்புத்தான்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, விலையும் விசாரித்து, பொங்கல் கழிந்தபின் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வீட்டு வரவுக்குத் தனிக் கணக்கு திறக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார்.

"எல்லாம் தானாப் பதிஞ்சிட்டா, ராத்திரி உனக்கு என்னடே வேலை?" என்றார்.

அது நான் எழுதாமல் விட்ட வரி. அவர் தரும் மாதச் சம்பளத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் போகின்றன. சரக்கு இருப்பு இன்னும் நோட்டில்தானே கிடக்கிறது, அதைப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தேன். எனக்கே அது வலுவான பதிலாகப் படவில்லை.

கல்லாவிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "முதல்ல அத வாங்கிப் போடுங்க, அண்ணாச்சி."