பந்தயத்திலும் பெண்ணுக்குக் குறைந்த கூலியா?

பிரான்சு தேசத்தில் பெண்கள் நாள் கணக்கில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஆண்களைவிடப் பரிசு குறைவு. இதை அவிநாசிச் சந்தையில் நின்று சொன்னால், "வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கென்ன வந்தது?" என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கென்ன வந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

'டூர் டி பிரான்சு' என்ற அந்தப் பந்தயம் 1903-இல் பிறந்தது. அதைத் துவக்கியது ஒரு பத்திரிகை. நோக்கம், பத்திரிகை விற்பனையைப் பெருக்குவது! இன்று ஓட்டுகிறவர்களின் சட்டையெல்லாம் கம்பெனிகளின் பெயர்கள். தன் காலையும் நுரையீரலையும் விற்றுக் கூலி வாங்குகிறவன் யார்? தொழிலாளிதான். மில்லில் நூல் இழுத்தாலும், மலைப்பாதையில் மிதித்தாலும் தொழிலாளி தொழிலாளியே!

பெண்களுக்கு என்ன கிடைத்தது? 1955-இல் ஐந்து நாள் பந்தயம் ஒன்று நடத்தி, அத்தோடு மூட்டை கட்டினார்கள். 1984-இல் மீண்டும் துவக்கினார்கள். 18 கட்டங்கள் ஓட்டி முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் மரியான் மார்ட்டினுக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் சுமார் ஆயிரம் டாலரும். அதே வருஷம் ஆண்களில் வென்ற லோரான் பினோனுக்கு லட்சம் டாலருக்கு மேல்! 1989-க்குப் பிறகு அந்தப் பந்தயமும் நின்றது.

தானாக வந்த தருமமல்ல!

2013-இல் மரியான் வோஸ், எம்மா பூலி முதலிய வீராங்கனைகள் மனு எழுதினார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருஷமே ஒரு நாள் பந்தயம் வந்தது. 2017-இல் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். 2020-இல் முதல்தரப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமாயிற்று. 2022-இல் எட்டு நாள் பந்தயம் திரும்பியது. முதலாளியின் மனம் இளகியதால் வந்ததா இது? இல்லை! கேட்டார்கள், கூடினார்கள், பெற்றார்கள்.

ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. 2022-இல் ஆண்கள் ஓட்டியது 3,300 கிலோமீட்டருக்கு மேல். பெண்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல். தூரம் மூன்றில் ஒரு பங்கு. பரிசோ? ஆண்களில் வென்றவருக்கு 5 லட்சம் யூரோ. பெண்களில் வென்ற அன்னமீக் வான் புளூட்டனுக்கு 50 ஆயிரம். பத்தில் ஒரு பங்கு! தூரத்தையும் இவர்களே குறைத்தார்கள். கூலியை அதற்கும் கீழே தள்ளினார்கள்.

"பெண்கள் பந்தயத்துக்கு வருமானம் இல்லையே!" என்கிறார்கள். பல காலம் அதை நடத்தவுமில்லை, நடந்ததைச் சரியாகக் காட்டவுமில்லை. பிறகு பார்ப்பாரில்லை என்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சாமல் போட்டுவிட்டுப் பருத்தி காய்க்கவில்லை என்றானாம் ஒருவன்!

இந்தக் குரல் நமக்குப் புதிதா?

அவிநாசி வட்டாரக் காடுகளில் நித்தம் கேட்கும் குரல்தானே இது! களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெண். "அது லேசான வேலை" என்று கூலியைக் குறைப்பது பண்ணையார். இடுப்பு முறியக் குனிந்திருப்பது லேசான வேலையா? திருப்பூர் பனியன் கம்பெனிகளிலே கைமடி, பிசிறு வெட்டு, செக்கிங் என்று குறைந்த கூலி வேலைகளில் குவிந்திருப்பது யார்? நம் பெண்களே! சம வேலைக்குச் சம கூலி என்று 1976-இலேயே சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில், கூலி முதலாளியின் பையில்!

சைக்கிளையும் பார்ப்போம். 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் துவங்கியது; 2005-இல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவாக்கியது. நல்லதுதான். ஆனால் படிப்பு முடிந்ததும் ஏழை வீட்டுப் பெண் எங்கே போனாள்? 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டி, பல நூற்பாலைகள் மூன்று வருஷம் விடுதியில் அடைத்தன. முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டின. வெளியே போகத் தடை, வீட்டாரைப் பார்க்கத் தடை. சைக்கிள் தாழ்வாரத்தில் துருப்பிடித்தது. பெண் பூட்டிய கேட்டுக்குள் தேய்ந்தாள்!

1991-இல் புதுக்கோட்டையில் துவங்கிய அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். விவசாயக் கூலிப் பெண்களும் கல் உடைக்கும் பெண்களுமாக லட்சத்துக்கு மேற்பட்டோர் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டி ஓட்டினார்கள். அவர்களுக்குப் பரிசுக் கோப்பை ஏது? பஸ்ஸுக்குக் காத்திராமல், எவன் தயவும் இல்லாமல் போய்வரும் சுதந்திரமே பரிசு!

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

முதலாளியை மட்டும் ஏசிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. கூலிப் பேச்சில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று வந்தபோது நாம் எத்தனை முறை தலையசைத்திருக்கிறோம்? சங்கக் கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையில்தானே உட்காருகிறார்கள்? வேலை முடிந்து தங்கை தாமதமாக வந்தால் சந்தேகத்தோடு கேள்வி கேட்பவன் நாமல்லவா? பெண்ணின் குறைந்த கூலி, நாளை ஆணின் கூலியை இறக்கும் கயிறு. இதை முதலாளி அறிவான்; நாம் மறக்கலாமா?

இதே அவிநாசி சாலையில் இருக்கிறது சின்னியம்பாளையம். ஆலைப் பெண் ஒருத்தியை மானபங்கம் செய்த முதலாளியின் அடியாளை எதிர்த்தெழுந்த வழக்கில், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு தோழர்கள் 1946 ஜனவரி 8-இல் தூக்கிலேறினார்கள். பெண்ணின் மானம் வர்க்கத்தின் மானம் என்று அவர்கள் காட்டினார்கள். பெண்ணின் கூலியும் வர்க்கத்தின் கூலி என்று நாம் காட்ட வேண்டாமா?

நாம் கேட்பது இதுதான்: காட்டிலும் ஆலையிலும் சம கூலி! விடுதிக் கேட்டுகள் திறக்கட்டும்! ஒவ்வொரு சங்கக் கமிட்டியிலும் பெண் தோழர்கள் முன்வரிசைக்கு வரட்டும்! மனுவெழுதிச் சங்கம் கண்ட அந்தத் தூரதேசத்துப் பெண்கள் பாதி வழி வந்துவிட்டார்கள். நாமும் மிதிப்போம், தோழர்களே!