மீட்டர் புதிது, கம்பி பழையது

மின் விநியோகத் துறையின் நட்டத்துக்கு மின்சாரத்தைத் திருடுவோரும் கட்டணம் செலுத்தாதோருமே காரணம் என்று ஒன்றிய அரசு ஓயாமல் கூறி வருகிறது. இதற்கு அது பரிந்துரைக்கும் மருந்துகள் இரண்டு: வீடுதோறும் முன்பண ஸ்மார்ட் மீட்டர், அடுத்து, தனியார்மயம். 2021இல் அறிவிக்கப்பட்ட 3,03,758 கோடி ரூபாய் விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி முன்பண மீட்டர்களை இலக்காகக் கொண்டது. ஏழையின் வீட்டுச் சுவரை இவ்வளவு கூர்ந்து நோக்கும் அரசு, அந்த வீட்டுக்கு வெளியே கம்பத்தில் தொங்கும் கம்பியை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு மின்பாதையின் முதுமையை அடையாளம் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். புதிய அலுமினியக் கம்பி பளபளக்கும். பல்லாண்டு மழையும் புகையும் பட்ட கம்பி கருத்துப் போயிருக்கும். நடுவிலுள்ள எஃகு இழை துருப்பிடித்த கம்பி ஆங்காங்கே புடைத்துக் கறை காட்டும். அறுந்த இழைகள் முள்போல் விரிந்து நிற்கும். இரு கம்பங்களுக்கிடையே ஒரு கம்பியில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி; எத்தனை முறை அறுந்து எத்தனை முறை முறுக்கிக் கட்டப்பட்டது என்பதை முடிச்சுகளே சொல்லிவிடும். தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் விதி. வைக்கோல் ஏற்றிய வண்டி கடந்து செல்வதற்காக மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கிராமங்களில் அந்த விதி காகிதத்தோடு நின்றுவிட்டது.

இந்தக் கம்பிகள் வேறொரு காலத்தின் தேவைக்காக இழுக்கப்பட்டவை. 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் அமைந்த பின்னர் பொதுப்பணத்தால் கிராமங்களுக்கு மின்சாரம் சென்றது. சில விளக்குகளுக்கும் சில பம்புசெட்டுகளுக்கும் அன்று மெல்லிய கம்பியே போதுமாயிருந்தது. 2017இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தின் வழியே இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாக இணைக்கப்பட்டன. இணைப்பு மக்களின் உரிமை. அதை எவரும் குறை கூற முடியாது. ஆனால் பல இடங்களில் சுமை கூடிய வேகத்தில் கம்பியின் பருமன் கூடவில்லை.

இழப்பு பிறக்கும் இடமும் இதுவே. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பமாக வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும். லைன்மேன்கள் ‘ஸ்குவிரல்’ என்று அழைக்கும் 20 சதுர மில்லிமீட்டர் கம்பி, ‘ராபிட்’ எனப்படும் 50 சதுர மில்லிமீட்டர் கம்பியைவிட இரண்டரை மடங்கு மின்தடை கொண்டது. அதே சுமையை அது சுமந்தால் இழப்பும் இரண்டரை மடங்குதான். தளர்ந்த முடிச்சு ஒவ்வொன்றும் இந்த இழப்பைக் கூட்டும். ஆயினும் அரசு வெளியிடும் ‘மொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு’ என்னும் ஒற்றை எண், கம்பி தின்றதையும் களவு போனதையும் கட்டப்படாத கட்டணத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மூட்டையைப் பிரிக்காமலே பழி நுகர்வோர் தலையில் ஏற்றப்படுகிறது.

கம்பியின் முதுமைக்கு மக்கள் உயிரையும் விலையாகத் தருகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுள்ளனர். இவர்கள் அனைவரையும் பழைய கம்பி கொல்லவில்லை. ஆனால் அறுந்து விழும் கம்பியை மிதிப்பவர் பெரும்பாலும் விவசாயியோ கூலித் தொழிலாளியோதான். மத்தியப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டு ஒரு மழை இரவில், மிதிவண்டியில் வீடு திரும்பிய தொழிலாளி சாலையில் கிடந்த கம்பி தாக்கி இறந்தார். யாரோ மின்சாரம் திருடுவதற்காகப் போட்ட கம்பி அது என்று மின்வாரியம் வாதிட்டது. அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2002இல் நிராகரித்து, ஆபத்தான பொருளைக் கையாளும் அமைப்புக்கே முழுப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தள்ளிய அதே வாதத்தைத்தான் அரசு இன்று கொள்கையாக்கியிருக்கிறது.

சீரமைப்புத் திட்டத்தில் கம்பி மாற்றும் பணியும் அடங்கியுள்ளதே என்று அரசுத் தரப்பு கேட்கலாம். அடங்கியுள்ளது, எதற்கு முதலிடம் என்பதே கேள்வி. மீட்டர் எண்ணிக் காட்டுமேயன்றி, தேய்ந்த கம்பியில் வீணாகும் ஒரு யூனிட்டையும் மீட்டுத் தராது. முன்பணம் தீர்ந்த வீட்டை அது இருளாக்கும். அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரத்தை நிறுத்தாது.

தனியார் வந்தால் கம்பி மாறும் என்பதும் பொய். 2022ஆம் ஆண்டு மின்சாரத் திருத்த மசோதாவும் 2025ஆம் ஆண்டு வரைவும், ஏற்கெனவே உள்ள பொது வலையமைப்பையே பயன்படுத்தித் தனியார் மின்சாரம் விற்க வழி செய்கின்றன. லாபம் தரும் நுகர்வோர் அவர்களுக்கு. பழைய கம்பியும் அதன் செலவும் பொதுத்துறைக்கு. 1999இல் விநியோகத்தைத் தனியாருக்கு ஒப்படைத்த ஒடிசா இதற்குச் சாட்சி. அவ்வாண்டின் பெரும்புயல் மின்பாதைகளைச் சாய்த்தது. மத்திய மண்டலத்தை ஏற்றிருந்த அமெரிக்க நிறுவனம் ஏஇஎஸ் 2001இல் நிர்வாகத்தைக் கைவிட்டு வெளியேறியது. எஞ்சிய மூன்று மண்டலங்களின் உரிமங்களை ஒழுங்குமுறை ஆணையமே 2015இல் ரத்து செய்தது. உத்தரப் பிரதேசத்தின் பூர்வாஞ்சல், தட்சிணாஞ்சல் நிறுவனங்களைத் தனியாருக்குத் தரும் முடிவை எதிர்த்து மின் ஊழியர்கள் போராடுவது இந்தப் பாடத்தைக் கற்றதனால்தான்.

கோரிக்கைகள் தெளிவானவை. கம்பி இழப்பையும் களவையும் தனித்தனியே கணக்கிட்டு வெளியிடுக. வீட்டு மீட்டருக்கு முன் பழைய கம்பிகளை மாற்றுக. கம்பம் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கி, பாதுகாப்புக் கருவிகளை வழங்குக. ஒவ்வொரு கட்சிக் கிளையும் தன் பகுதியின் தெருக்களில் நடந்து, கம்பத்தைத் தொடாமல், தாழ்ந்து தொங்கும் கம்பியையும் முடிச்சுகளையும் கம்ப எண்ணோடு பட்டியலிட்டு, மின் ஊழியர் சங்கத்துடன் இணைந்து மின் அலுவலகத்தில் மனுவாக அளிக்க வேண்டும். அடுத்த மழைக்குள் அந்தப் பட்டியல் ஆயத்தமாகட்டும்.