சுமத்திய சுமை சிலுவையாகுமா?

துன்பம் ஆண்டவன் அளித்த பரிசு என்றும், அதனை முணுமுணுப்பின்றிப் பொறுத்துக்கொள்பவனே மெய்க் கிறிஸ்தவன் என்றும் ஒரு போதனை நம் ஜனங்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. சாவு வீட்டிலும், ஜெபக் கூட்டத்திலும், வேலையினின்று ஓய்ந்து தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய முதியவர் முன்னிலையிலும் இஃதொன்றே மருந்தாக வார்க்கப்படுகின்றது. கேட்பவர் தலையசைக்கின்றார், சொல்பவர் தம் கடமை தீர்ந்ததென்று வீடு திரும்புகின்றார். இப்போதனை கிறிஸ்துவின் போதனை அன்று என்பதே நம் வாதம்.

தெலுக் பங்லிமா காராங்கில் தோட்டத்து ஆபீசிலே கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் வேத சாஸ்திரம் கற்ற பண்டிதர் அல்லோம். ஆயினும் கணக்கெழுதுவோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. அடியிலுள்ள கூட்டுத்தொகையை மட்டும் கண்டு கையொப்பம் இடமாட்டோம். மேலேயுள்ள வரிகளையும் ஒவ்வொன்றாய்ச் சரிபார்ப்போம். அப்பழக்கத்தோடு, பள்ளியில் பயின்ற ஆங்கில வேதத்தையும் வீட்டில் ஓதும் தமிழ் வேதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.

பொறுமைப் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்தாளும் இடம் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். அதன் பதினோராம் வசனம் யோபுவின் பொறுமையைப் புகழ்கின்றது. நன்று. அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தை இவர்கள் ஏன் வாசிப்பதில்லை? வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே கூவுகின்றதென்றும், அறுத்தவர்களின் குரல் கர்த்தரின் செவிக்கு எட்டிற்றென்றும் அங்கே கண்டிருக்கின்றது. சகோதரரைப் பொறுத்திருக்கும்படி யாக்கோபு சொன்னது மெய்யே. ஆனால் கூலியைப் பிடித்துக்கொண்ட செல்வந்தரைக் கடிந்துகொண்ட பின்னரே அதைச் சொன்னார். நம்மவரோ கடிந்த பகுதியைக் கடந்து சென்று, பொறுமையை மட்டும் பிரசங்க மேடைக்குக் கொண்டு வருகின்றனர். முன் பாதியை மறைத்துப் பின் பாதியைக் காட்டும் கணக்கைத் தோட்டத்து ஆபீசில் ஒருவரும் ஒப்புக்கொள்ளார். கோயிலில் மட்டும் ஒப்புக்கொள்வது எங்ஙனம்?

யோபுதான் முணுமுணுக்காதவரோ? அவர் சரித்திரம் நாற்பத்திரண்டு அதிகாரம். அதிலே பெரும்பகுதி அவருடைய முறையீடும் வழக்குமே. தாம் பிறந்த நாளையே சபித்தார். கடவுளையே நியாயத்துக்கு அழைத்தார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள், நீ பாவம் செய்திருப்பாய், பணிந்து போ என்று அழகான வார்த்தைகளால் உபதேசித்தார்கள். முடிவில் ஆண்டவர் யார்மேல் கோபங்கொண்டார்? உபதேசித்த நண்பர்கள் மேல்! வழக்காடிய யோபுவே சரியாய்ப் பேசினார் என்று தீர்ப்பாயிற்று. நம் பிரசங்கிகள் யோபுவின் பெயரைச் சொல்லி எலிப்பாஸின் வேலையைச் செய்கின்றனர்.

இனி நம் ஊர்ப்பக்கத்துச் சரித்திரத்துக்கு வருவோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி; ஒழுங்கான வைத்தியம்; கள்ளுக்கடைகளை மூடுதல்; உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல்; சங்கம் அமைக்கும் உரிமை; கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்குதல். இவற்றோடு இன்னும் ஒன்று: துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கத்தை ஒழித்தல். கிராணி என்னும் உத்தியோகமும் அந்த உத்தியோகஸ்தர் கூட்டத்தில் அடங்கியதே என்பதை மறைப்பது நேர்மையன்று.

அவர்களை நடத்திச் சென்றவருள் ஒருவரான ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவிற்று. துருப்புக்கள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அன்பர்களே, நாம் கேட்கின்றோம்: கூலிக்குறைவு கடவுள் அனுப்பிய சிலுவையா? தோட்டத்துக்கு உள்ளேயே திறந்து வைத்த கள்ளுக்கடை தெய்வ சித்தமா? சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர் பரலோகத்திலிருந்தா சொன்னார்? மனிதன் வகுத்த விதியை மனிதன் மாற்றலாம். மாற்றக்கூடியதைக் கடவுளின் தலையில் ஏற்றி, பாதிக்கப்பட்டவனைப் பொறுக்கச் சொல்வது பக்தி அன்று, தெய்வ நிந்தை. எகிப்திலே வைக்கோல் கொடாமல் செங்கல் கணக்கை மட்டும் குறையாமல் கேட்ட பார்வோன், முறையிட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான். ஆண்டவரோ அவர்கள் கூக்குரலைக் கேட்டதாகச் சொன்னார்.

அப்படியாயின் சிலுவை என்பது யாது? அதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. அதே 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். அப்போது பேராக்கிலே, ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்னும் தாதி இருந்தார். அவர் கத்தோலிக்கர், யாழ்ப்பாணத் தமிழர் மரபினரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவின் மனைவி. காட்டிலிருந்து காயப்பட்டு வந்த போராளிகளுக்கு இரகசியமாய் மருந்திட்டார். மறைத்து வைத்த ரேடியோவில் வெளிநாட்டுச் செய்திகளைக் கேட்டார். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைப் பிடித்தனர். அடித்தனர், நகங்களைப் பிடுங்கினர், அவருடைய சிறு மகளைத் தாயின் கண்ணெதிரே மரத்தில் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினர். அவர் ஒருவரையும் காட்டிக்கொடுத்தாரில்லை. விடுதலைக்குப்பின் 1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பட்ட காயங்கள் ஆறாமலே 1948 ஜூன் 12இல் பிரிட்டனில் காலமானார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவ்வம்மையாரின் வேதனை நின்றிருக்கலாம். பிறர் உயிருக்காக அவ்வழியை மறுத்துத் தாமே அச்சுமையை ஏற்றார். அதுவே சிலுவை. பிறனுக்காகத் தானே தோள்கொடுத்து ஏற்பது சிலுவை. பிறன் தோள்மேல் நாம் ஏற்றிவிட்டு, அமைதியாய்ச் சும என்பது சிலுவையன்று, அது வெறும் பாரம். அந்தத் தாயை நோக்கிப் பொறுமையாயிரும் என்று சொல்லும் உரிமை அவரை வதைத்தவர்க்கு உண்டோ? இல்லையெனின், உறிஞ்சப்பட்ட கூலிக்காரனை நோக்கி அதைச் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

மதமே ஏழையை மயக்கும் சரக்கு, அதைத் தூக்கியெறிக என்போர் இப்பத்திரிகையின் வாசகரிலும் இருப்பர். அவர்தம் கோபத்தின் காரணத்தை நாம் அறிவோம். அதற்கு இடங்கொடுத்தவர் மேற்கண்ட பிரசங்கிகளே. ஆயினும் பாப்பானிலே ஒரு தாதியை நிமிர்ந்து நிற்கச் செய்ததில் அவருடைய விசுவாசத்துக்கும் பங்குண்டு என்பதை அவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வியாதியும் மரணமும் எந்தச் சங்கத்தாலும் நீங்காதே என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. அவ்விடத்தே விசுவாசத்தைக் காப்பது பெரும் போராட்டமே. ஆனால் அங்கேயும் வாய் மூடு என்று வேதம் சொல்லவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே அப்பாத்திரம் தம்மை விட்டு நீங்கும்படி மன்றாடினார். சிலுவையிலே ஏன் கைவிட்டீர் என்று கேட்டார். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாயைத் திறந்த பின்னரே கெட்டனர்.

ஆகவே சபைகளுக்கும் போதகர்களுக்கும் நாம் சொல்வது இது. துன்பப்படுபவன் எதிரே வந்தால், பொறு என்னுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இத்துன்பத்தைச் செய்தது மனிதனா? நீக்க வழியுண்டா? அதிலே நாம் சுமக்க வேண்டிய பங்கு எவ்வளவு? செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்தவனுக்குச் சொக்சோ மனுவை எழுதிக் கொடுங்கள். 2025இல் சட்டமான 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாதவனோடு லேபர் ஆபீசுக்கு நடந்து செல்லுங்கள். வீடிழந்த முதியவருக்காகச் சபையார் கூடி மனுக் கொடுங்கள். தீராத நோயாளியின் கட்டிலருகே உபதேசமின்றி உட்கார்ந்திருங்கள். இவ்வளவும் செய்தபின் பொறுமையைப் பற்றிப் பேசுங்கள். அப்போது ஏழையும் உங்கள் சொல்லுக்குச் செவிகொடுப்பான்.